இரண்டு விரல் கூடுதல்

மான்ட்ரோஸ் ஹை ஸ்ட்ரீட்டில்
தர்மக் கடை அலமாரியில் கிடந்தது,
பதினெட்டுப் பவுண்டு பைனாகுலர்.
கண்ணாடியில் கீறல் இல்லை.
கழுத்துவார் மட்டும்
கருவாட்டு வாலாக விறைத்திருந்தது.
“அதைத் தூக்கிப் போடு,
எட்டுப் பவுண்டுக்குப் புதிது வரும்” என்றாள்
கல்லாவில் இருந்த எஃபி.
எட்டுப் பவுண்டு என்றால்
முதியோர் இல்லத்தில் முக்கால் மணி நேரம்
யாரையாவது நான் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.
போடவில்லை.

முதல் நாள்
தொப்புளுக்குக் கீழே தொங்கியது.
நடையின் ஒவ்வொரு எட்டுக்கும்
கோட்டுப் பொத்தானோடு ஒரு சண்டை.
கம்பிவேலிக்குள் குனிந்து நுழைந்தபோது
முன்னே பாய்ந்து
முழங்காலில் ஒரு போடு போட்டது.
அவித்த முட்டையை நூலால் அறுப்பார்களே,
அப்படிப் பின்கழுத்தில் இறங்கியது நாடா.

கூட வேலை செய்யும் ஷீனா
தன்னுடையதை ஒரு வாரம் தந்தாள்.
நாலு விரல் அகலம், ரப்பர்ப் பஞ்சு.
பாரமே தெரியவில்லை.
ஆனால் துள்ளியது;
நான் நின்ற பிறகும் அது நடந்துகொண்டிருந்தது.
முதுகில் பெருக்கல் குறி போடும் இன்னொன்றும் வைத்திருந்தாள்.
அதற்குள் புகுந்து வெளியே வருவதற்குள்
தேநீர் ஆறிவிட்டது.

ஞாயிறு மதியம்
பழைய வாரைச் சமையல் மேசையில் விரித்தேன்.
கொக்கிக்குள் போய்த் திரும்பும் இடத்தில்
வெளுத்த மடிப்பு ஒன்று.
வருடக்கணக்காக அங்கேயே நின்றிருக்கிறது.
ஆறடிக்கு மேல் இருப்பார்.
தொந்தியும் உண்டு,
கனம் கொஞ்சம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும்.
பெண்ணாகவும் இருக்கலாம்,
எனக்கென்னவோ ‘அவர்’ என்றே வந்தது.
இடப் பக்கத்தை விட வலப் பக்கம்
இரண்டு விரல் கூடுதல்.
அசட்டை என்று நினைத்தேன்.

உப்பேறிய கொக்கிக்கு வெந்நீர் காட்டி
டேப் வைத்து அளந்து
இருபுறமும் சமமாகக் குறைத்தேன்.
நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு சாண்.
தூக்கினால் கண்; விட்டால் மார்பு.
எல்லாம் சரி.
நடுவில் தைத்திருந்த தோல் துண்டு
நேரே கழுத்தெலும்பின் மேல் வந்து உட்கார்ந்து
அரை மணியில் தலைவலியைக் கொண்டுவந்தது.

இடப் பக்கம் ஒரு விரல் சுருக்கினேன்.
வலப் பக்கம் ஒரு விரல் விட்டேன்.
தோல் துண்டு நகர்ந்து
இரவெல்லாம் ஆட்களைத் தூக்கி
மரத்துப் போகும் என் இடத் தோள் பக்கம் சாய்ந்தது.
கழுத்து பேசாமல் இருந்தது.
கண்ணாடியில் பார்த்தேன், கோணலாகத்தான் இருந்தது.
அவர் எதைத் தூக்கினாரோ.

அக்டோபரில் கனத்த கோட்டு வந்தது,
அதன் மேல் மப்ளர்.
கணக்கெல்லாம் மறுபடி தப்பு:
துணி கூடக் கூட வார் குறுகி
பைனாகுலர் தாடைக்கு ஏறிவிட்டது.
இரவுப் பணி முடிந்து
விடியுமுன் சேற்றுக் கழிமுகத்தின் கரையில் நின்று
கையுறையைக் கழற்றினேன்.
பைனாகுலர் டெஸ்கோ பையின் மேல்,
வார் நுனி பல்லில்,
உப்பும் யாரோ ஒருவரின் பழைய வியர்வையும் நாக்கில்,
விறைத்த விரல்களில் கொக்கி.

அப்போதுதான் எழுந்தன.
பல்லாயிரம் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள்,
நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே குரலாகக் கிளம்பி
ரயில் பாலத்தின் மேல்,
என் மேல்,
வார் கவ்விய என் வாயின் மேல்.
நாய் மாதிரி அண்ணாந்து நின்றேன்.
வெறும் கண்ணுக்கு
வானம் எழுத்துப்பிழைகளால் நிறைந்திருந்தது.

சத்தம் வயல் பக்கம் போய்த் தேய்ந்த பிறகு
நுனியைக் கொக்கிக்குள் கோத்து
திருப்பி அடியில் செருகினேன்.
இனி நழுவாது.
வலப் பக்கம் இரண்டு விரல் கூடுதல்.
மாட்டிக்கொண்டேன். தூக்கினேன்.

சேற்றில் ஒரே ஒன்று மிச்சம்,
அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.
இறகின் விளிம்பு வரை தெளிவு.
காலைப் பார்த்தேன்.
முட்டி வரை சேறு.